திண்ணையில் ஒன்றரை மணி நேரம்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். அதிலும் கால்வாசி பென்சில் தேடுவதில் போய்விடும். மீதிப் பகல் முழுவதும் பிள்ளை வீட்டில்தான் இருக்கும். அடுப்பு எரியவேண்டும், துணி துவைக்கவேண்டும், வாசலில் யாராவது வந்து நிற்பார்கள், கொல்லையில் மாடு கத்தும். இத்தனைக்கும் நடுவில் அந்த ஒன்றரை மணி நேரத்தை நாள் தவறாமல் நடத்திக்கொண்டு போவதுதான் வீட்டுப் பள்ளி. எழுத்தும் கணக்கும் அதற்கு அப்புறம்தான்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். டி.டி.எட். படித்து, தகுதித் தேர்வும் எழுதி, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். முப்பது பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைக்கத் தெரியும். பெற்ற பிள்ளைகள் இரண்டை வீட்டில் உட்காரவைப்பது வேறு வித்தை. அதை எந்தப் பயிற்சி நிறுவனமும் சொல்லித்தருவதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பெரியவளுக்கு ஐந்து வயது. அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டியவள். சின்னவனுக்கு மூன்று. தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டுவரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதுவரை திருப்பனந்தாளில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். சின்னவனுக்கு அது 2023 வரை நீண்டது.

ஊரடங்கு தொடங்கியதும் தெருவில் பல வீடுகளில் சுவரில் அட்டவணை ஏறியது. ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் தமிழ், அப்புறம் கணக்கு, அப்புறம் இடைவேளை என்று வண்ணப் பேனாவில் கட்டம் போட்டு. சித்திரை தாண்டுவதற்குள் அந்தத் தாள்களில் பால் கணக்கு எழுதியிருந்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் மணி அடித்தால் முந்நூறு பேர் எழுந்திருப்பார்கள். வீட்டில் ஒன்பது மணி அடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. குக்கர் விசில் வந்தால்தான் ஆள் எழுந்திருக்கும்.

அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் தினம் நடந்தே தீரும் காரியங்கள் எவை என்று பார்த்தேன். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது. பலகாரம் முடிந்து என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் இருக்கும் மோட்டார் பட்டறைக்குக் கிளம்புவது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தை, அதாவது என் மாமியார், தலை சாய்ப்பது. சாயங்காலம் விளக்கேற்றுவது. பாடத்தை இந்த நான்கு முளைகளில் கட்டினேன். கோலத்தோடு கணக்கு. அப்பா வண்டியை எடுத்ததும் எழுத்து. அத்தை படுத்ததும் கதைப் புத்தகம், பிள்ளைகளும் பாதியில் தூங்கிவிடுவார்கள். விளக்கு வைத்ததும் வாய்ப்பாடும் பாட்டும். மணி முன்னே பின்னே ஆகும், வரிசை மாறாது. சின்னப் பிள்ளைகளுக்கு மணி தெரியாது. அடுத்து என்ன என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு மாதம் போனபின் அப்பா வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் பெரியவள் தானாகவே, எழுதிப் பழகும் மணல் தாம்பாளத்தை எடுத்துவந்து வைத்தாள்.

கோலக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், அது அவ்வளவு நல்ல பாடம். நேர்ப்புள்ளியில் ஏழுக்கு ஏழு வைத்தால் 49. ஊடுபுள்ளியில் நடுவில் ஏழு வைத்து இரண்டு பக்கமும் நாலில் நிறுத்தினால் 37. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் தெரியாது. ஆனால் வரிசை வரிசையாக எண்ணி 37 வருகிறதா என்று பார்க்கத் தெரியும். ஒரு புள்ளி விட்டுப்போனால் கோலமே காட்டிக்கொடுத்துவிடும், நான் சிவப்பு மையால் சுழிக்கவேண்டிய அவசியமில்லை. பெரியவள் ஆறு வயதில் நடுவரிசைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி இரட்டித்து ஏழைக் கூட்டினாள். அதை நான் சொல்லித்தரவில்லை. மார்கழியில் கோலம் பெரிதாகும்போது கணக்கும் பெரிதாயிற்று.

எழுத்துக்கு மணல். தாம்பாளத்தில் பரப்பி விரலால் எழுதுவது. இந்த மணலைச் சம்பாதிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொள்ளிடம் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனாலும் ஆற்று மணல் ஒரு கூடை வேண்டுமென்றால் வீடு கட்டி முடித்தவர் வாசலில் மிச்சம் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டிய காலம். அத்தைக்கு இதில் சம்மதமில்லை.

"ஏம்மா, மண்ணுல எழுதி மண்ணுலயே அழிக்கிறதுக்கா டீச்சருக்குப் படிச்ச?"

"அத்தை, உங்க தாத்தா எதுல எழுதினாங்க?"

"அவங்களுக்கு நோட்டு ஏது?"

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் தொடக்கம். இந்தக் காவிரிக் கரையில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-ல் பிறந்த உ.வே.சா.வும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பல வயதில், மூத்தவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவனுக்குச் சொல்லித்தருவான். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதியை 1789-லிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் விடுதியில் வைத்தார். பெரிய பையன்களைக் கொண்டே சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் செய்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய 'மெட்ராஸ் காலேஜ்' ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் பள்ளியாக நடக்கிறது. அங்கே போய் மரியாதை பெற்ற மணல், நம் வீட்டில் மாமியாரிடம் மரியாதை பெறாமல் கிடந்தது.

மணலின் பெருமை வேறொன்றுமில்லை, தப்பு தங்குவதில்லை. நோட்டில் தப்பாக எழுதினால் அது நாளைக்கும் இருக்கும், அப்பா பார்ப்பார், அத்தை பார்ப்பார். மணலில் கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. எழுதப் பயப்படும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. பென்சிலைப் பெரியவள் கையில் கொடுத்தது விரல் பழகிய பிறகுதான்.

எந்த எழுத்து முதலில்? வீட்டில் எல்லாருக்கும் 'அ' என்றுதான் ஆசை. அந்தச் சுழியைப் பாருங்கள், நாலு வயது விரலுக்கு அது மலை ஏறுவது. நான் ட, ப, ம என்று தொடங்கினேன். நேர்க்கோடு, அதற்கப்புறம் ஒரு வளைவு. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்தால் படம், பட்டம், மட்டம், மடம் எல்லாம் வாசித்துவிடலாம். எங்கள் ஊருக்கு 'மடம்' தோதான சொல். இங்கே இருக்கும் காசி மடத்துப் பக்கம் போனபோது பெயர்ப்பலகையில் 'மடம்' என்பதைப் பெரியவள் உரக்க வாசித்தாள். முன்னால் இருந்த 'காசி' அவளுக்கு அப்போது வெறும் கோடு. துணைக்கால் வந்தபிறகு 'கா' பிடிபட்டது, அப்புறம் 'சி'. பிறகு பஸ் பலகைகள். கும்பகோணத்திலிருந்து சென்னை போகிற சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அணைக்கரை, பண்ருட்டி, விக்கிரவாண்டி. சேத்தியாத்தோப்பை முழுதாக வாசித்த அன்றைக்கு அவளுக்கு ஒரு அதிரசம் கிடைத்தது. அது நியாயமான கூலி.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லாரும் செய்வது, பெரியதற்குப் பாடம் நடக்கும்போது சின்னதை எப்படியாவது அப்புறப்படுத்துவது. பொம்மை, போன், பக்கத்து வீடு. அது நடக்காது. சின்னது அங்கேதான் வந்து நிற்கும், மணலைக் கொட்டும், அக்கா எழுதியதை அழிக்கும். நான் வரிசையைத் திருப்பிப் போட்டேன்: முதலில் சின்னவன். பத்து நிமிஷம் அவனுக்கு மட்டும் மடி, மணல், பாட்டு எல்லாம். வயிறு நிறைந்தவன் தானாக எழுந்து கொல்லைக்குப் போய்விடுவான். அதற்குப்பின் பெரியவளுக்கு அரைமணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். இந்தத் தொழிலில் நான் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, பிள்ளை கேட்கும்போதே நிறுத்திவிடுவது. "இன்னும் ஒண்ணும்மா" என்றால் "நாளைக்கு" என்று தாம்பாளத்தை எடுத்து வைத்துவிடுவேன். அழுகையில் முடிந்த பாடம் மறுநாள் அழுகையில்தான் தொடங்கும்.

தெரு ஜனங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் சும்மா இருக்கிறாள் என்பது ஊரின் முடிவு. ரேஷன் கடையில் துவரம்பருப்பு போடுகிறார்களா என்று கேட்க ஒருவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததைச் சொல்ல ஒருவர். வீட்டில் பாடம் நடத்த ஆசைப்பட்டுக் கைவிட்டவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளால் கைவிடவில்லை, வருகிற போகிறவர்களால் கைவிட்டார்கள் என்பது என் கணிப்பு. கிராதிக் கதவைச் சாத்தினால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் வருகிறவர்களைப் பாடத்துக்குள் இழுத்துவிட்டேன். "அக்கா, உக்காருங்க, பாப்பா வாசிக்கிறதைக் கொஞ்சம் கேளுங்க" என்றால் இரண்டு வரி கேட்டுவிட்டு வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் கேட்டவர் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர்தான். அவர் பல்லாங்குழிப் பலகையோடு வந்து உட்கார்ந்தார். பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் 70. ஐந்தாம் வாய்ப்பாட்டை அவர்தான் நடத்தினார் என்று சொல்லவேண்டும், சம்பளம் வெற்றிலை.

ஆச்சிக்குப் பல்லாங்குழி என்றால், மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, நிலக் கணக்கு. ஒரு வேலி இருபது மா, ஒரு மா நூறு குழி. மா என்பது ஏறக்குறைய 33 சென்ட் என்பதால் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். "அப்ப ஒரு வேலிக்கு எத்தனை ஏக்கரு தாத்தா?" என்று பெரியவள் ஏழு வயதில் கேட்டபோது, ஆறரைக்கு மேல் என்று அவர் சட்டென்று சொன்னார், எப்படி வந்தது என்று விளக்கச் சொன்னபோதுதான் திணறினார். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. பத்து மூட்டை, இருபது மூட்டை என்று அவளைக் கேட்பார். பாடப்புத்தகத்தில் கணக்குக்கு ஆப்பிளை வெட்டிக் காட்டியிருப்பார்கள், எங்கள் வீட்டில் ஆப்பிள் வருவது காய்ச்சல் வந்தால்தான்.

சின்னவன் மூன்று வயதிலும் நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஆறுதல் கையிலேயே இருக்கிறது. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாமலிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்து பாடினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. அவர் காசியில் நிறுவிய மடத்தின் வழியில் வந்ததுதான் எங்கள் ஊர்க் காசி மடம். "அவருக்கே அஞ்சு வயசு ஆச்சு, இவன் பேசாமயா போயிடுவான்" என்று அத்தை சொல்லாத நாளில்லை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனாலும் கும்பகோணம் கூட்டிப்போய்க் காது பரிசோதனை செய்தோம். காதில் குறையில்லை. அதன்பின்தான் நான் பொறுமையாக இருந்தேன். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைப் பாருங்கள், கதையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அவனுக்குப் பேச்சு வந்தது என்னால் இல்லை. அக்கா டீச்சர் விளையாட்டு விளையாடி அவனை அதட்டினாள், பதில் சொல்லாமல் அவனால் தப்பிக்க முடியவில்லை. சட்டாம்பிள்ளை முறை இன்னும் வேலை செய்கிறது.

விடுமுறை எப்போது என்று கேட்பார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, ஆற்றில் தண்ணீர் வந்தால் விடுமுறை. 2020-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ம் தேதியே திறந்தார்கள். 16-ம் தேதி கல்லணையில் திறந்தார்கள். அப்புறம் மண்ணியாற்றுக்கு வரும், வாய்க்காலுக்கு வரும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக முன்னேறுவதைக் கூடவே நடந்து பார்க்கவேண்டும். அன்றைக்குத் திண்ணையில் பிள்ளையை உட்காரவைப்பது பாவம். கட்டுப்பாடு தளர்ந்தபின் கீழணைக்குக் கூட்டிப்போனோம். ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியது. மதகுகளை எண்ணிக்கொண்டு போன பெரியவள் நடுவில் தப்பவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வடவாறு, வீராணம், அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னை என்று சொன்னேன். "அப்ப சென்னைக்காரங்க நம்ம தண்ணியையா குடிக்கிறாங்க?" என்றாள். அதற்கு மாமா சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது.

கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உதவியதைப் பார்த்தேன். ஐந்து வயதுக்குத் திரையில் இருக்கும் டீச்சரைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆச்சி மேல்.

பள்ளி திறந்தபோது வீட்டில் இன்னொரு சிக்கல். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. அதன்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் எடுக்கப்பட்டன, விதிகள் இறுகின. எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் மனதிலிருந்து அது போகவில்லை. "வீட்டுலயே நல்லாத்தானே படிக்குது" என்று அத்தை சொன்னதற்குள் அந்த நாள் இருந்தது. மணலைப் பழித்த அதே அத்தைதான். நானும் பள்ளிக் கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் பெரியவளை நேராக இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன். வாசிப்பிலும் கணக்கிலும் அவளுக்குச் சிரமமில்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கேட்காமல் எழுந்து போனாள். இன்னொரு பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியவில்லை. வீட்டில் அவள் பேச எப்போதும் ஒரு காது இருந்தது. காத்திருப்பதை வீடு சொல்லித்தர முடியாது, பத்துப் பிள்ளைகள் வேண்டும்.

அந்தப் பத்துப் பிள்ளைகள் என் திண்ணைக்கே வந்தார்கள். 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். மறுபடியும் அதே ஒன்றரை மணி! நானும் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் சிலருக்குத் தங்கள் பெயரில் பாதி எழுத்துத்தான் தெரிந்தது. யாரையும் வகுப்புப்படி உட்காரவைக்கவில்லை, தெரிந்ததன்படி உட்காரவைத்தேன். அடுத்த ஆண்டு ஜூனில் அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்து பிள்ளைகளை நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோது, இது நம் திண்ணையில் நடப்பதுதானே என்று தோன்றியது. மணல் தாம்பாளம் மூன்றாயிற்று. சின்னவன் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பாதி எழுத்தைப் பிடித்துக்கொண்டான். 2023 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போனான்.

எட்டு வயதுவரை வீடு நன்றாகவே தாங்கும், அதற்குமேல் தனியாகத் தாங்குவது கஷ்டம் என்பது என் தீர்ப்பு. வேறு விதமாகச் செய்து ஜெயித்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் எழுதட்டும்.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு தகவல். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டப்படி, ஆறிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளை அதுவரை பள்ளிக்கே போகாமலிருந்தாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தரவேண்டும். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஆண்டு நடுவில் போனாலும் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், வீண் பேச்சு மிச்சம்.